சூரை மீனுக்கு எந்தத் தூண்டில்? மலைநாட்டிலிருந்து ஒரு பார்வை

கொழும்பிலிருந்து வீதி வழியாக ஏறத்தாழ 115 கிலோ மீற்றர் தொலைவில், மலைகளின் நடுவே அமைந்துள்ள கண்டி நகரிலிருந்து ஆழ்கடல் மீன்பிடி பற்றி எழுதப் புகுவது வாசகர்கள் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் கண்டி மத்திய சந்தையிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை முதலான சுற்றயல் நகரங்களின் மீன் கடைகளிலும் பலகை மீது துண்டு போடப்பட்டுக் கிடக்கும் பெரிய மீன்களுள் முதலிடம் பெறுவது சூரையே. சிங்கள மக்கள் கெலவல்லா என்றும் பலயா என்றும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் மஞ்சள் துடுப்புச் சூரையும் வரிச்சூரையும் மலைநாட்டுத் தமிழர், முஸ்லிம்கள் இல்லங்களிலும் அவ்வாறே விரும்பப்படுகின்றன. அம்மீன் எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் சதையின் தரமும், ஓரளவுக்கு அதை உண்பவரின் நலமும் அமைகின்றன. ஆகவே தூண்டில் பற்றிய இந்த ஆராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று.

உல்லாசப் பயணத்துறையைச் சார்ந்தோர் சிலர் நீண்ட காலமாகவே ஒரு கருத்தை முன்வைத்து வருகின்றனர். ஆழ்கடலில் பொழுதுபோக்குக்காகச் சூரை பிடிக்க வரும் வெளிநாட்டவர் கனத்த தூண்டிலையும் பெரிய ரீலையும் விடுத்து, இறகாற் கட்டிய செயற்கைப் பூச்சியை வீசிப் பிடிக்கும் மெல்லிய தூண்டிலைப் பயன்படுத்தினால் அது மீனுக்கும் கடலுக்கும் இதமானது என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. அது உண்மைதானா என்பதை விளங்கிக்கொள்ள, இம்முறை நமது மலைகளுக்கு வந்த கதையிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

ஆங்கிலேயர் 'ஃபிளை' என்று பெயரிட்ட இம்முறையை இக்கட்டுரையில் நாம் பூச்சித் தூண்டில் என்றே குறிப்பிடுவோம். இது ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஈலியன் என்ற உரோமானிய எழுத்தாளர், மசிடோனியாவின் ஆறொன்றில் மக்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். எனினும் அதை ஒரு கனவான் விளையாட்டாக வளர்த்து உலகெங்கும் கொண்டு சென்றவர்கள் ஆங்கிலேயரே. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நுவரெலியாவின் குளிர் நீரோடைகளில் ட்ரவுட் மீனை அவர்கள் அறிமுகப்படுத்தினர். தங்கள் நாட்டு ஓடைக்கரையில் நின்று தூண்டில் வீசும் சுகத்தை இங்கும் அனுபவிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மீன் குஞ்சு வளர்க்கும் நிலையமும் தூண்டிற் கழகமும் அமைந்தன. வானவில் ட்ரவுட் இன்றும் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வாழ்கிறது. அவ்வோடைகளுக்கே உரிய சிறிய நன்னீர் இறாலுக்கு இந்த விருந்தாளி மீன் கேடு விளைவிக்கிறது என்பது இயற்கை ஆர்வலர்களின் நெடுங்காலக் கவலை. அந்த ஓடைகளுக்குக் கீழே மலைச்சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்கள் நம்மவர்கள். தூண்டில் வீசியவர்கள் வேறு சிலர். பூச்சித் தூண்டில் என்றதும் நமது மக்களின் மனத்தில் அது துரைமார் விளையாட்டாகவே பதிந்திருப்பதில் வியப்பில்லை.

அவ்விளையாட்டுக்கான இறகுகளுக்கும் நமது நிலப்பரப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு, மெழுகு பூசியது போன்ற பளபளப்பான புள்ளிகளை உடையது. ஐரோப்பியத் தூண்டிற் கலைஞர் அதைப் பெரிதும் நாடினர். இந்தியா பின்னர் அதன் ஏற்றுமதியைத் தடை செய்ய நேர்ந்தது.

இனி, இரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் பார்ப்போம். நாம் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்து மாணவராக இருந்தவராதலால் பெளதிகவியலில் அதிகம் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் இது எளிதில் விளங்கக்கூடியதே. வழக்கமான தூண்டிலில் இரையோ, ஈயக்குண்டோ, உலோகத்தாலான செயற்கை மீனோ கனமாக இருக்கும். அதை வீசினால் அதன் கனம் தங்கூசியைத் தன் பின்னால் இழுத்துச் செல்லும். பூச்சித் தூண்டிலிலோ முள்ளில் கட்டிய இறகுக்குக் கனமே இல்லை. எனவே கனத்தை நூலில் ஏற்றியிருக்கிறார்கள். தடித்த, மேற்பூச்சுப் பூசிய அந்த நூலை நீண்ட கோலால் முன்னும் பின்னும் காற்றில் சுழற்றி வீசும்போது, நூல்தான் பறந்து சென்று இறகைத் தன்னுடன் கொண்டு போய் நீரின் மேல் வைக்கிறது. தடித்த நூலைக் கண்டு மீன் மிரளாதிருக்க, அதன் நுனியில் சில அடி நீளத்துக்கு மெல்லிய தங்கூசி இணைக்கப்படுகிறது. இந்த நுனித் தங்கூசிதான் நமது விடயத்தின் மையமாகும்.

உலகெங்கும் விளையாட்டு மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் 1939 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் விதிகளின்படி பூச்சித் தூண்டிலின் நுனித் தங்கூசி அதிகபட்சம் 10 கிலோ கிராம் இழுவையைத் தாங்குவதாகவே இருக்கலாம். வழக்கமான தூண்டிலுக்கோ 60 கிலோ கிராம் வரையான வகுப்புகள் உள்ளன. ட்ரவுட் பிடிப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஒரு கிலோ கிராம் எடையுள்ள மீனே அவருக்குப் பெருமை தருவது. ஆனால் வளர்ந்த மஞ்சள் துடுப்புச் சூரை 40, 50 கிலோ கிராம் எடையைச் சாதாரணமாக எட்டும். 2012 இல் மெக்சிகோவின் கரைக்கு அப்பால் வழக்கமான தூண்டிலில் பிடிபட்டுச் சாதனையாகப் பதிவான மஞ்சள் துடுப்புச் சூரையின் எடை 193 கிலோ கிராமுக்கும் அதிகம். அதன் உறவினமான அத்திலாந்திக் நீலத் துடுப்புச் சூரையோ 1979 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 679 கிலோ கிராம் எடையுடன் பிடிபட்டது. இத்தகைய மீனை 10 கிலோ கிராம் தாங்கும் தங்கூசியால் இழுப்பது, மதயானையைப் பூணூலால் கட்டி நடத்துவது போன்றதே.

முடியாது என்று சொல்வதற்கில்லை. 1967 இல் அமெரிக்கரான லீ வுல்ஃப், எக்குவடோர் கரைக்கு அப்பால் 67 கிலோ கிராம் எடையுள்ள வரி மார்லின் மீனை மிக எளிய ரீலும் மெல்லிய நுனித் தங்கூசியும் கொண்ட பூச்சித் தூண்டிலால் பிடித்துக் காட்டினார். திறமை என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. ஆனால் சூரை மார்லின் போன்றதன்று. மார்லின் நீர்மட்டத்தில் துள்ளித் துள்ளித் தன் வலுவை இழக்கும். சூரை துள்ளுவதில்லை, நேரே கீழ்நோக்கி ஓடும். ஓடி முடிந்தபின் படகின் அடியில் செங்குத்தாக நின்று வட்டமிடும். அந்த நிலையில் மீனை மேலே தூக்கும் வலுவே தேவைப்படுகிறது. பூச்சித் தூண்டிலின் கோல் ஏறத்தாழ ஒன்பது அடி நீளமானது. தொலைவில் வீசுவதற்காக அமைந்தது. நீண்ட கோல் நெம்புகோல் போலப் பிடித்திருப்பவருக்கு எதிராகவே வேலை செய்யும். ஆழ்கடற் சூரைக்கென ஆக்கப்பட்ட வழக்கமான கோல்கள் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதன் காரணம் இதுவே. ரீலும் அப்படித்தான். பூச்சித் தூண்டில் ரீலில் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ரீலும் ஒரு முறையே சுற்றும். வழக்கமான ரீலிலோ பற்சில்லுகளின் உதவியால் அது பல முறை சுற்றும்.

வழக்கமான ரீலும் பிறந்த நாளிலிருந்தே இவ்வளவு வலுவுடன் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1898 இல் கலிபோர்னியாவின் சாந்தா கற்றலீனா தீவில் சாள்ஸ் ஹோல்டர் என்பவர் 83 கிலோ கிராம் எடையுள்ள நீலத் துடுப்புச் சூரையைக் கோலும் நூலும் கொண்டு பிடித்தார். அதற்கு மூன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. அக்காலத்து ரீலில் மீனின் ஓட்டத்தைத் தடுக்க, நூற்சுருள் மீது தோல் பட்டையைப் பெருவிரலால் அழுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. மீன் ஓடும்போது கைப்பிடி தலைகீழாகச் சுழன்று விரல்களை உடைப்பதும் உண்டு. அவ்வாண்டிலேயே ஹோல்டர் அங்கு சூரைக் கழகத்தை நிறுவினார். ரீலின் உள்ளேயே தடுப்புப் பொறி அமைந்தது 1913 அளவில்தான். இன்று நாம் 'வழக்கமானது' என்று அலட்சியமாகக் கூறும் தூண்டில், சூரை என்ற ஒரே மீனைக் கருத்திற்கொண்டு பல தலைமுறையினர் செப்பனிட்டதன் விளைவு எனலாம்.

இப்போது மென்மை பற்றிய கேள்விக்கு வருவோம். சூரை மற்றைய மீன்களைப் போலக் குளிர் இரத்த உயிரினம் என்ற வரையறைக்குள் முழுமையாக அடங்காதது. அதன் தசைகளுக்குள் செல்லும் இரத்த நாளங்கள், உள்ளே வரும் குளிர்ந்த இரத்தத்தை வெளியே செல்லும் சூடான இரத்தம் வெப்பப்படுத்தும் வகையில் பின்னிப் பிணைந்திருக்கின்றன. ஆகவே நீச்சலில் உண்டாகும் வெப்பத்தை அது உடலுக்குள்ளேயே தேக்கி வைக்கிறது. கடல் நீரைவிடப் பல பாகை கூடிய வெப்பத்தில் அதன் தசைகள் இயங்குகின்றன. அதன் வேகத்தின் இரகசியமும் அதுவே. மேலும், வாயைத் திறந்தபடி இடைவிடாது நீந்திக் கொண்டிருந்தால் மட்டுமே அதன் பூக்களுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்கும். இத்தகைய மீன் தூண்டிலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போராடினால் என்ன நேரும்? உடல் வெப்பம் ஏறும். தசைகளில் அமிலம் தேங்கும். விட்டுவிடும் நோக்கத்துடன் பிடித்தாலும், களைத்துப்போன சூரை பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது. சுறா பின்தொடருமானால் படகருகே வரும்போது தலை மட்டுமே மிஞ்சக்கூடும். உண்ணும் நோக்கத்துடன் பிடித்தாலோ சதை நிறமிழந்து, வெந்தது போலக் குழைந்து, புளிப்பேறிப் போகும். யப்பானியச் சந்தைகளில் இதனை 'எரிந்த சதை' என்றே அழைத்து விலையைக் குறைத்து விடுவார்கள்.

அதாவது, மனிதனின் கையில் மெல்லியதாக இருக்கும் கருவி மீனின் உடலில் நீண்ட வதையாக முடிகிறது. கனத்த தூண்டிலால் பதினைந்து, இருபது நிமிடங்களில் படகுக்குக் கொண்டு வரப்பட்டு உடனே விடப்படும் மீனின் நிலை எவ்வளவோ மேல். எனவே, பெரிய சூரைக்குப் பூச்சித் தூண்டில் இதமானது என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அட்டவல்லா, அலகொடுவா, சிறிய வரிச்சூரை போன்றவை கூட்டமாக நீர்மட்டத்தில் மேயும்போது அத்தூண்டிலை வீசி விளையாடுவதில் பிழை காண முடியாது. அவை சில கிலோ கிராம் எடையுள்ளவை. போராட்டமும் விரைவில் முடிந்துவிடும். திருகோணமலையிலும் தென்கரையிலும் பொழுதுபோக்குப் படகோட்டுவோர் இவ்வேறுபாட்டைத் தமது விருந்தினருக்கு எடுத்துக் கூறுவார்களானால் நன்று.

விளையாட்டு ஒருபுறமிருக்க, நமது மக்களின் தட்டுக்கு வரும் சூரை பொழுதுபோக்குத் தூண்டிலில் பிடிபட்டதன்று. அங்கே வழக்கமான கருவி எது என்று கேட்டால் விடை வேறாகிறது. இதில் சுவையான செய்தி என்னவென்றால், துரைமாரின் இறகுத் தூண்டிலுக்கு நிகரான ஒன்று நமது அயலில் பல நூற்றாண்டுகளாகப் பிழைப்புக்கான கருவியாக இருந்து வருகிறது என்பதுதான். மாலைதீவு மீனவர் உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசி வரிச்சூரைக் கூட்டத்தைப் படகருகே ஈர்ப்பார்கள். நீரைத் தூறலாகத் தெளித்து நீர்மட்டத்தைக் கலக்குவார்கள். வெறி கொண்டு மேயும் மீன்களிடையே, எதிர்முள் இல்லாத பளபளப்பான முள்ளை நீண்ட கோலின் நுனியிலிருந்து இறக்குவார்கள். ரீல் கிடையாது, போராட்டமும் கிடையாது. கவ்விய மீன் ஒரே வீச்சில் தலைக்கு மேலாகப் பறந்து தளத்தில் விழும். எதிர்முள் இல்லாததால் தானாகவே கழன்று கொள்ளும். அடுத்த கணம் முள் மீண்டும் நீரில் இருக்கும். இம்முறையில் இறகு கட்டிய முட்களும் பல நாடுகளில் பயன்படுகின்றன. முள்ளில் இறகைக் கட்டி மீனை ஏமாற்றும் வித்தை ஒன்றுதான். முதலாவது மீனுடன் விளையாடும் நேரத்தை நீட்டுகிறது, இரண்டாவது அதைச் சில வினாடிகளாகச் சுருக்குகிறது.

அவ்வாறு பிடித்த வரிச்சூரையே அவித்து, புகையூட்டி, வெயிலில் காய வைத்து மாசியாகிறது. கண்டியில் தேங்காய்ச் சம்பல் இடிக்கும் எந்த வீட்டுக்கும் மாசியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1340களில் மாலைதீவில் தங்கியிருந்த இபுன் பதூதா இம்மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கிருந்து இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலை ஏறியவரும் அவரே. இருபதாம் நூற்றாண்டிலும் மாலைதீவின் மாசிக்கு முதன்மைச் சந்தையாக இலங்கையே விளங்கியது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாம் அந்த இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மாலைதீவு தனது மீனைப் பச்சையாக யப்பானியக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கியது. நமது இழப்பு அவர்களுக்குப் புதிய வழியைத் திறந்தது எனலாம். 2012 இல் மாலைதீவின் கோல் தூண்டில் வரிச்சூரைத் தொழில், நிலைத்திருக்கத்தக்க மீன்பிடிக்கான சர்வதேசச் சான்றிதழைப் பெற்றது. இன்று ஐரோப்பியக் கடைகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

நமது தென்கரையில், மாத்தறையையும் வெலிகமையையும் அண்டிய கிராமங்களிலும் இதே கோல் தூண்டில் முறை இருந்தது. இயந்திரப் படகுகளும் நைலோன் செவுள் வலைகளும் வந்த பின்னர் அது பின்தள்ளப்பட்டது. அதற்காக மீனவரைக் குறை கூற முடியாது. கோல் தூண்டிலுக்குப் பல கைகள் வேண்டும். உயிருள்ள சிறு மீன்களை முதலில் பிடித்துக் காக்க வேண்டும். பவளப் பாறைகளிலிருந்து அச்சிறு மீன்களை அளவுக்கு மிஞ்சி அள்ளினால் அதுவும் ஒரு கேடே. வலையை இரவில் விரித்துவிட்டு விடியலில் இழுத்தால் போதும். ஆனால் வலைக்குக் கண் கிடையாது. இந்து சமுத்திரத்தில் சூரைக்கென விரிக்கப்பட்ட செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 இலட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கியிருக்கலாம் என 2020 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இரண்டரைக் கிலோ மீற்றருக்கு மேற்பட்ட மிதவை வலைகளைத் திறந்த சமுத்திரத்தில் தடை செய்யுமாறு ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1991 இலேயே தீர்மானித்தது. இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு, அத்தடையை 2022 முதல் கரையோர நாடுகளின் சொந்தக் கடல் எல்லைக்குள்ளும் விரிவாக்கியது.

வலைக்கும் கோலுக்கும் இடையில் நிற்பது நெடுந்தூண்டில். பல கிலோ மீற்றர் நீளமுள்ள ஒரு தாய்க்கயிற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிளைத் தங்கூசிகள் இரை மாட்டிய முட்களுடன் ஆழத்தில் தொங்கும். கோல் தூண்டிலுக்கு எட்டாத பெரிய மஞ்சள் துடுப்புச் சூரையை உயிருடன் மேலே கொண்டுவர இதுவே நடைமுறைக்கு ஏற்றது. ஆமைகள் சிக்குவதைக் குறைக்க வட்ட வடிவ முட்களைப் பயன்படுத்தலாம். நமது பலநாட் படகுகள் பலவற்றில் வலையும் நெடுந்தூண்டிலும் சேர்ந்தே இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பத்தக்க தரமான மீன் பெரும்பாலும் தூண்டிலில் ஏறியதே.

ஆனால் தூண்டில் மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. திறந்த சமுத்திரத்தில் நமது படகுகளைக் கண்காணிப்பதில் குறைபாடு உள்ளதெனக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. செய்மதிக் கண்காணிப்புக் கருவிகளும் சட்டத் திருத்தங்களும் வந்த பின்னர் 2016 ஜூனிலேயே தடை நீங்கியது. அதே ஆண்டுகளில் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்படுவதாக ஆணைக்குழுவின் அறிவியலாளர்கள் 2015 இல் அறிவித்தனர். 2024 இன் மதிப்பீடு அதைவிட நம்பிக்கையூட்டுவதாக அமைந்தது. இதனிடையே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, சிறு படகுகள் கரையிலேயே கிடந்தன. எந்தக் கருவி மேலானது என்று மேசையிலிருந்து நாம் எழுதலாம். எரிபொருளுக்குப் பணம் தேடுபவனின் கணக்கு வேறு.

இறுதியாக மலைநாட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். சூரையின் சதையில் ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. மீன் இறந்தபின் குளிர்ச்சி குறைந்தால் பக்ரீரியாக்கள் அதை ஹிஸ்ரமைனாக மாற்றிவிடும். முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வாந்தி ஆகியன உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோன்றும். 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் வழமையாகச் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் இதுவே. ஒருமுறை உருவான ஹிஸ்ரமைன் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. புளியும் மிளகாயும் அதைத் தொடுவதேயில்லை. வலையில் இரவெல்லாம் இறந்து கிடந்த மீனில் இந்த மாற்றம் கடலிலேயே தொடங்கிவிடலாம். உயிருடன் தூண்டிலில் ஏறி உடனே பனிக்கட்டிக்குள் புதைக்கப்பட்ட மீனில் அது வெகுவாகத் தாமதமாகும். ஆனால் அந்த மீனும் பலநாட் படகில் வாரக்கணக்கில் கிடந்து, துறைமுகத்தில் இறங்கி, பேலியகொடைச் சந்தையில் கைமாறி, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறியில் ஏறி வந்து, கண்டியில் பனிக்கட்டி இல்லாத பலகையில் காலை முழுவதும் கிடந்தால், தூண்டிலின் பயன் அத்தனையும் அங்கே வீணாகிறது.

2020 ஒக்டோபரில் பேலியகொடைச் சந்தையில் கொரோனா தொற்றுப் பரவியதும் மக்கள் மீனையே வெறுத்து ஒதுக்கினர். மீன் பாதுகாப்பானது என்று காட்டுவதற்கு முன்னாள் இராஜாங்க அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காட்சிகளை விட, ஒரு வெப்பமானி பயன் தரும். மீன் 4 பாகை செல்சியஸுக்கு மேற்படாத குளிர்ச்சியில் இருக்கிறதா என்பதை அறிய வேறு கருவி தேவையில்லை. கண்டி மாநகர எல்லைக்குள்ளும் அயல் பிரதேச சபைகளிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மீன் கடைகளில் இதனை ஒழுங்காக அளக்க வேண்டும். விற்பனையாளர்களுக்கு உரிய விலையில் பனிக்கட்டி கிடைக்க நகரத்துக்குள்ளேயே ஏற்பாடு வேண்டும். வாங்குவோரும் மீன் எந்த நாளில், எந்தத் துறையில் இறங்கியது, தூண்டிலிலா வலையிலா பிடிபட்டது என்று கேட்கலாம். கடைக்காரருக்கு முதல் வாரம் விடை தெரியாதிருக்கலாம். வாடிக்கையாளர் பத்துப் பேர் தொடர்ந்து கேட்டால், லொறிக்காரரிடம் அவரும் கேட்கத் தொடங்குவார்.